ஃப்ராய்டைப் படித்துவிட்டு உளவியல்தான் படிப்பேன் என்கிறான் மகன்

உங்கள் கடிதத்தைப் படித்தேன் அம்மா. பொறியியல் படிப்பான் என்று நீங்கள் நம்பியிருந்த பையன் திடீரென்று உளவியல் என்கிறான், அதிலும் நனவிலி மனம் (நமக்கே தெரியாமல் நம்மை இயக்கும் மனப்பகுதி), உளப்பகுப்பாய்வு (அதைப் பேச்சின் வழியே வெளிக்கொண்டுவரும் சிகிச்சை முறை) என்று பேசுகிறான், போதாக்குறைக்கு வீட்டில் இருக்கிற எல்லோரையும் அலசத் தொடங்கிவிட்டான். அப்பாவின் கோபத்துக்கு ஒரு பெயர், உங்கள் கவலைக்கு ஒரு பெயர். "உங்க நிறைவேறாத ஆசையை என்மேல ஏத்துறீங்க" என்று அவன் சொன்னது உங்களை எவ்வளவு நோகடித்திருக்கிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது. முதலில் அதைப் பேசிவிடுவோம், வேலை, வருமானம் எல்லாம் அப்புறம்.

அவன் கையில் எடுத்திருக்கும் கருத்துகள் உண்மையில் இந்தத் துறையில் இருப்பவைதான். ஆனால் அவற்றை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னவர்களில் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டே முதன்மையானவர். 1910இல் எழுதிய ஒரு கட்டுரையில், இந்த முறையில் பயிற்சி இல்லாத மருத்துவர் ஒருவர் நோயாளியின் முகத்துக்கு நேராக விளக்கத்தைத் தூக்கிப் போட்டதைக் கண்டிக்கிறார். பஞ்ச காலத்தில் பசித்தவர்களுக்கு உணவுப் பட்டியலை விநியோகிப்பது எவ்வளவு பயன் தருமோ அவ்வளவுதான் அந்த வெறும் தகவலும் பயன் தரும் என்பது அவர் வாதம். இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம், "நீ படிக்கிற ஆளே இப்படிச் சொல்லியிருக்காராமே, அதைப் பத்தி என்ன நினைக்கிற?" என்று கேளுங்கள். அவன் யோசித்தால் நல்ல அறிகுறி.

சரி, இந்த அணுகுமுறை என்னதான் சொல்கிறது? நம்மை இயக்கும் ஆசை, பயம், கோபம் இவற்றில் பெரும்பகுதி நமக்கே தெரியாமல் வேலை செய்கிறது. சின்ன வயதில் நம்மை வளர்த்தவர்களோடு இருந்த உறவின் சாயல் பிற்கால உறவுகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. தாங்க முடியாததை மனம் மறைக்கும், மறுக்கும், வேறு ஆள்மேல் போடும். வியன்னாவில் நரம்பியல் மருத்துவராக இருந்த ஃப்ராய்ட் 1890களில் தொடங்கிய இந்தச் சிந்தனை அவரோடு நின்றுவிடவில்லை. மனத்தை இட் (அடிப்படை ஆசைகள்), ஈகோ (நடைமுறையைப் பார்த்துச் சமாளிக்கும் 'நான்'), சூப்பர் ஈகோ (மனசாட்சி) என்று பிரிக்கும் மூன்று பகுப்பை அவர் முன்வைத்தது 1923இல்தான். மனத்தின் தற்காப்பு வழிகளை முறையாகத் தொகுத்து 1936இல் நூலாக்கியவர் அவர் மகள் அன்னா ஃப்ராய்ட். பிறகு குழந்தைகளைப் பகுப்பாய்வு செய்த மெலனி க்ளைன், குழந்தை மருத்துவரான வின்னிகாட், தாய்-சேய் பிணைப்பை ஆராய்ந்த பௌல்பி என்று பலர் இதை வேறு வேறு திசைகளுக்கு இழுத்துச் சென்றார்கள். இன்று இந்த வழியில் சிகிச்சை தருகிறவர்களில் பலர் மன இயக்கத்துக்குப் பாலியல் உந்துதலே அடிப்படை என்ற ஃப்ராய்டின் கோட்பாட்டை அப்படியே ஏற்பதில்லை. உங்கள் மகன் ஃப்ராய்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவன் பார்த்தது தொடக்கத்தை மட்டும்தான்.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சின்னக் காட்சி சொல்கிறேன். சிகிச்சையாளர் ஒரு வாரம் விடுப்பில் போய்விட்டு வருகிறார். வழக்கமாக நேரத்துக்கு வரும் நோயாளி ஒருவர் அன்று கால் மணி நேரம் தாமதமாக வந்து உட்கார்ந்து, "இன்னிக்குப் பேச ஒண்ணும் இல்ல" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, கூட்டம் வைத்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் ரத்து செய்த மேலாளரைப் பற்றிக் கோபமாகப் பேசத் தொடங்குகிறார். இந்தக் கோபத்தில் ஒரு பங்கு தனக்கானதோ என்று சிகிச்சையாளருக்குத் தோன்றும். தோன்றியதும் சொல்லிவிட மாட்டார். தன் ஊகம் தவறாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு இன்னும் கேட்பார், பிறகு மெதுவாக, "போன வாரம் நாம சந்திக்க முடியல, அது எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்பார். எதிரில் இருப்பவர் ஒருநாள் அழலாம், ஒருநாள் கோபத்தில் எழுந்து போகலாம். இப்படியே மாதங்கள், சிலரோடு வருடங்கள். இந்தப் பொறுமைதான் தொழில். அடுத்தவர் மனதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடும் சாமர்த்தியம் உங்கள் மகனை இழுக்கிறதா, இல்லை இந்த மெதுவான கேட்டல் இழுக்கிறதா என்று அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். முதலாவது மட்டும் என்றால் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வேன்.

இன்னொன்றை அவன் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். உளவியல் பட்டப்படிப்பில் ஃப்ராய்ட் வருவது ஆளுமை பற்றிய பாடத்தில் சில வகுப்புகள், அவ்வளவே. மீதி எல்லாம் புள்ளியியல், ஆய்வு முறைகள், மூளை, கற்றல், நினைவாற்றல். கனவுகளின் அர்த்தம் தேடி வந்த பிள்ளைகள் முதல் வருடத்திலேயே சோர்ந்துபோவதுண்டு. ஃப்ராய்டின் கோட்பாடு என்ன நடந்தாலும் பொருந்திவிடுகிறது, அதனால் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் சொன்ன குறையைப் பேராசிரியர்கள் வகுப்பில் எடுத்துப் போடுவார்கள், போட வேண்டியதும்தான். மறுபக்கம், இவ்வகைச் சிகிச்சையின் பலன் மற்ற சிகிச்சைகளுக்கு இணையானது, சிகிச்சை முடிந்த பிறகும் நீடிக்கிறது என்று உளவியலாளர் ஜொனாதன் ஷெட்லர் 2010இல் ஆய்வுகளைத் தொகுத்து வாதிட்டார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டு தரப்பையும் படித்து எடை போட அவனுக்குப் புள்ளியியல் வேண்டும், அதனால் கணக்கைத் தவிர்க்கத்தான் உளவியல் என்று நினைத்தால் ஏமாந்துபோவான்.

பணம், காலம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. இளநிலைப் பட்டம் மட்டும் பொதுவாகச் சிகிச்சையாளர் ஆகப் போதாது. முதுநிலை, மேற்பார்வையில் பயிற்சி, பல நாடுகளில் உரிமம், அதன்பிறகுதான் இந்த அணுகுமுறையில் தனிப் பயிற்சி. முழு உளப்பகுப்பாய்வாளர் ஆக வேண்டுமென்றால் இன்னும் நீளம்: 1910இல் தொடங்கிய சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் வழியில் போகிறவர் கருத்தரங்கு வகுப்புகள், மேற்பார்வையில் நோயாளிகள் இவற்றோடு, தானே ஒரு பகுப்பாய்வாளரிடம் வாரத்தில் பல நாள் என்று வருடக்கணக்கில் உட்கார வேண்டும். அந்தச் செலவும் பெரும்பாலும் பயிற்சி பெறுகிறவர் தலையில்தான். நல்ல வருமானம் வரும் வயது தள்ளிப்போகும் என்பதை அவனிடம் மறைக்க வேண்டாம். இடையில் பள்ளி ஆலோசனை, மனிதவளம், ஆய்வு உதவி, செயலிகளையும் இணையதளங்களையும் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் பயனர் ஆய்வு போன்ற வேலைகள் உண்டு, அவற்றையும் கணக்கில் வைத்தே திட்டமிடுங்கள்.

"தன் மனசைச் சரிபண்ணிக்கத்தான் இதைப் படிக்கிறானோ" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கலாம், அம்மா. அப்படி வருகிறவர்கள் நிறைய, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, தன்னை அறிந்துகொள்வதைப் பயிற்சியின் பாகமாகவே கேட்கிற துறை இது. ஆனால் அவன் இப்போது சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, நண்பர்களைத் தவிர்க்கிறான் என்றால் அவனுக்கு வேண்டியது இந்த மாதமே ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பது. படிப்பு சிகிச்சையாகாது. இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பேசுங்கள், "படிப்பை மாத்தினாத்தான் நீ சரியாவ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் அவன் செய்ய வேண்டியது: முதலாண்டுப் புள்ளியியல் பாடநூலில் சில அத்தியாயங்களைப் படித்துக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கட்டும், வேலையில் இருக்கும் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்கட்டும். நீங்கள் கல்லூரியில் கேட்க வேண்டியது வேறு. மேற்பார்வையோடு எத்தனை மணி நேரம் நேரடிப் பயிற்சி, மேற்பார்வையிடுவது யார், இந்தப் பட்டம் உரிமம் வாங்கச் செல்லுமா? கடைசிக் கேள்விக்கு வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்கிக்கொண்டு, உரிமம் தரும் அமைப்பின் விதிகளோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.