சட்டசபை நடந்தால் வழக்கு நிற்குமா?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்புக்குப் போகும் பாதை பற்றிய வழக்கு முன்சீப் கோர்ட்டில் நடக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் ஓர் எம்.எல்.ஏ. சாட்சி விசாரணைக்கு வரும்போதெல்லாம், “சார் சட்டசபையில் இருக்கிறார்” என்று ஜூனியர் வந்து வாய்தா வாங்கிப் போகிறார். எம்.எல்.ஏ. வக்கீல் தொழில் செய்யலாமா? அமெரிக்காவில் இப்படி வாய்தா வாங்கச் சலுகை உண்டாமே, இங்கேயும் உண்டா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தொழில் செய்யலாம். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாக இருக்கக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி 49. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் அதில் வரமாட்டார்கள் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ‘இவர் ஆஜராகக் கூடாது’ என்று மனுப் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள்.

அமெரிக்காவில் சில மாநிலங்களில் சலுகை உண்டு. டெக்சாஸில் சிவில் வழக்கின் வக்கீல் சட்டமன்ற உறுப்பினராக இருந்து பிரமாணப் பத்திரத்தோடு கேட்டால், கூட்டத்தொடர் முடிந்து 30 நாள் வரை நீதிபதி தள்ளிவைத்தே ஆகவேண்டும். விசாரணைக்கு முந்தைய 30 நாளுக்குள் அமர்த்தப்பட்ட வக்கீல் என்றால் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதி விருப்பம். ஜார்ஜியாவில் இந்தச் சலுகை பெரிய சர்ச்சையாகி 2019-இல் சட்டத்தையே திருத்தினார்கள்.

இங்கே அப்படி எதுவும் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 135ஏ பிரிவை யாராவது நீட்டினால் மிரளாதீர்கள். கூட்டம் நடக்கும்போதும் அதற்கு முன்னும் பின்னும் 40 நாளும் உறுப்பினரை சிவில் வழக்கில் கைது செய்யக் கூடாது, அவ்வளவுதான் அது. அவர் யாருக்காக வாதாடுகிறாரோ அவருடைய வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிறகு எப்படி வாய்தா கிடைக்கிறது? பெரும்பாலும் நம் தரப்பு வாயை மூடிக்கொண்டு நிற்பதால்தான். அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 17, ரூல் 1-ஐ உங்கள் வக்கீலிடம் எடுக்கச் சொல்லுங்கள். விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது. வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை என்பது காரணமே ஆகாது. உடம்பு சரியில்லை, வேறு அலுவல் என்றால், வேறு வக்கீலை நேரத்துக்கு அமர்த்த முடியவில்லை என்று கோர்ட்டுக்குத் திருப்தி வரவேண்டும். எதிர்த்தரப்பு வக்காலத்தைப் புரட்டிப் பாருங்கள். பல வக்காலத்துகளில் இரண்டு மூன்று வக்கீல்களின் கையெழுத்து இருக்கும். அப்படி இருந்தால் ஜூனியரே குறுக்கு விசாரணை செய்யலாமே என்று ஒரு பக்க ஆட்சேபணை எழுதிக் கொடுங்கள். வாய்மொழி ஆட்சேபணை பதிவாகாமல் போனால் மேல்கோர்ட்டில் செல்லாக்காசு.

மூன்று என்பதும் இரும்பு வேலியல்ல. வழக்காடும் தரப்பின் கைமீறிய காரணமாக இருந்தால் செலவுத்தொகையோடு மேலும் தரலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. அதனால் ஒவ்வொரு முறையும் அந்தச் சட்டத்தின் 35பி பிரிவில் செலவுத்தொகை கேளுங்கள். அடுத்த தேதியில் அதைக் கட்டாவிட்டால் அவர்கள் மேற்கொண்டு வழக்காட முடியாது.

இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்கின் ஒவ்வொரு தேதியும் இருக்கும். பக்கத்தில் சபை கூடிய நாட்களை எழுதிப் பாருங்கள். சபை கூடாத நாளில் வாங்கிய வாய்தா ஒன்று அகப்பட்டாலும் உங்கள் ஆட்சேபணைக்கு எடை கூடும். இந்தப் பட்டியல் இல்லாமல் அரசியல் சட்டத்தின் 227-ஆவது பிரிவில் (கீழ்க்கோர்ட்டுகளை மேற்பார்வையிடும் அதிகாரம்) எறணாகுளம் ஹைகோர்ட்டுக்கு ஓடாதீர்கள். கீழ்க்கோர்ட்டுக்குக் காலக்கெடு விதிப்பதைச் சாதாரணமாகச் செய்யக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன பிறகு அங்கேயும் தயங்குவார்கள்.

கேள்வி: எங்கள் வக்கீலே எம்.எல்.ஏ. ஆகிவிட்டார், வருவதே இல்லை. பாக்கி ஃபீஸ் கொடுத்தால்தான் வழக்குக் கட்டைத் தருவேன் என்கிறார்.
— வாசகி, மூணாறு

பதில்: ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை, 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்ட விஷயம். பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூலிக்கட்டும். பதிவுத் தபாலில் கட்டைக் கேளுங்கள். வக்காலத்து மாற்ற அவர் சம்மதக் கையெழுத்துப் போட மறுத்தால், கோர்ட்டிலேயே அனுமதி மனுப் போடலாம். அதற்கும் அசையாவிட்டால் வக்கீல்கள் சட்டம் 35-ஆவது பிரிவில் கேரள பார் கவுன்சிலுக்குப் புகார். ஓராண்டில் அங்கே முடியாவிட்டால் புகார் டெல்லிக்கு, இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும்.