மாஸ்டாவும் ரோட்டரி என்ஜினும்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மாஸ்டா கார் நிறுவனத்தைப் பற்றிக் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் என்று அறிவித்திருந்தேன். சிங்கப்பூரில் ஒரு பணிமனையில் பதினாறு ஆண்டுகள் ரோட்டரி என்ஜின்களை, அதாவது மேலும் கீழும் ஓடும் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் என்ஜின்களைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். அந்த வேலைதான் என்னை அந்த நிறுவனத்தின் வரலாற்றுக்குள் இழுத்தது. கடன் வட்டி, பங்குச் சந்தை தொடர்பான கேள்விகள் என் துறைக்கு வெளியே இருப்பதால் விட்டுவிட்டேன்.

மதுரை வாசகர்: மாஸ்டா என்பது ஜப்பானியப் பெயரா? என் தாத்தா மாஸ்டா பல்பு என்று ஒன்றைச் சொல்வார். இரண்டும் ஒரே நிறுவனமா?

இல்லை. பல்புக்கு அந்தப் பெயரை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1909-இல் வைத்தது. கார் நிறுவனம் 1920-இல் ஹிரோஷிமாவில் தக்கை செய்யும் கம்பெனியாகத் தொடங்கியது. அதன் பொறுப்பை ஏற்ற ஜூஜிரோ மட்சுடா இயந்திரத் தொழிலுக்கு மாறி, 1927-இல் பெயரிலிருந்த தக்கையை எடுத்துவிட்டு டோயோ கோக்யோ என்று ஆக்கினார். 1931-இல் வெளிவந்த மூன்று சக்கரச் சரக்கு வண்டிக்குத்தான் முதலில் மாஸ்டா என்ற பெயர் வந்தது. பண்டைய பாரசீகத்தின் ஞானக் கடவுளான அஹுரா மாஸ்டாவையும் மட்சுடா என்ற குடும்பப் பெயரையும் அது ஒருங்கே குறிக்கிறது. நிறுவனமே அந்தப் பெயரைச் சூடிக்கொண்டது 1984-இல்தான்.

பெங்களூர் வாசகர்: ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது இவர்களுடைய தொழிற்சாலை மட்டும் தப்பியது என்கிறார்களே, உண்மையா?

பெரிதும் உண்மைதான். தொழிற்சாலை நகரின் கிழக்கே ஃபுச்சூ என்னும் ஊரில், வெடிப்பு மையத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இடையில் ஹிஜியாமா என்ற சிறு குன்று நின்று வெடிப்பின் வேகத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டது. கண்ணாடிகளும் கூரைகளும் போயின, கட்டடங்கள் நின்றன. ஆனால் தப்பியது கட்டடம்தான். காலையில் நகருக்குள் இருந்த ஊழியர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் தப்பவில்லை. ஜூஜிரோ மட்சுடா பிறந்தது 1875 ஆகஸ்ட் 6. குண்டு விழுந்த நாளில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது.

அதற்குப் பின் நடந்ததை நம்மவர்கள் அதிகம் அறிந்திருக்கவில்லை. நகரில் நிற்கும் கட்டடமே அரிதாகிவிட்டதால் மாகாண நிர்வாக அலுவலகம் இந்தத் தொழிற்சாலைக்குள் குடிவந்து, 1946 ஜூலை வரை அங்கிருந்தே இயங்கியது. நீதிமன்றம், செய்தித்தாள் போன்றவையும் அங்கே இடம் பெற்றன. 1945 டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி உற்பத்தி மீண்டும் தொடங்கிவிட்டது. நகரை மீண்டும் கட்டியெழுப்ப மரமும் கல்லும் சுமந்தவை அந்த வண்டிகள்தாம். ஹிரோஷிமா மக்களுக்கு இந்த நிறுவனத்தின் மீதுள்ள பற்றை விற்பனைக் கணக்கால் அளக்க முடியாது. அது இங்கே வேர் பிடித்தது.

ஈரோடு வாசகர்: எல்லாரும் பிஸ்டன் என்ஜினோடு நிம்மதியாக இருக்கும்போது இவர்கள் மட்டும் ஏன் ரோட்டரியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்?

இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாஸ்டாவின் நற்பெயரும் கெட்ட பெயரும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை.

1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் வணிக, தொழில் அமைச்சகம் நாட்டின் கார் நிறுவனங்களைச் சில பெரிய குழுக்களாக இணைத்துவிட எண்ணியது. R360 என்ற முதல் பயணிகள் காரை 1960-இல்தான் வெளியிட்டிருந்த டோயோ கோக்யோ, அப்படி ஒரு இணைப்பில் பெயர் தெரியாமல் கரைந்துபோயிருக்கும். வேறு யாரிடமும் இல்லாத ஒரு தொழில்நுட்பம் கையில் இருந்தால் தனியாக நிற்கலாம் என்று ஜூஜிரோவின் மகன் ட்சுனேஜி மட்சுடா கணக்கிட்டார். ஃபெலிக்ஸ் வாங்கெல் வடிவமைத்த சுழல் என்ஜினுக்கான உரிமத்தை 1961-இல் ஜெர்மனியின் என்.எஸ்.யூ. நிறுவனத்திடம் வாங்கியதற்கு இதுவே காரணம்.

வாங்கிய பிறகுதான் அது பாதி சமைத்த சோறு என்று தெரிந்தது. முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய பட்டைகள் உண்டு. அவை சுவரோடு ஒட்டிச் சுழன்றால்தான் அழுத்தம் கசியாது. அந்தப் பட்டைகள் அதிர்ந்து அதிர்ந்து உள்சுவரில் அலை அலையாகத் தடம் பதித்தன. பொறியாளர்கள் அவற்றைப் பிசாசின் நகக்கீறல் என்றார்கள். 1963-இல் கெனிச்சி யாமமோட்டோவின் தலைமையில் 47 பேர் கொண்ட ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. ஜப்பானியர்களுக்கு 47 என்றதும் தலைவனுக்காக உயிர் கொடுத்த அந்த 47 சாமுராய்கள்தான் நினைவுக்கு வருவார்கள். குழுவும் தன்னை அப்படியே கருதியது. கார்பனில் அலுமினியத்தை ஊட்டிச் செய்த சீல் கடைசியில் கைகொடுத்தது. 1967 மே மாதம் இரட்டை ரோட்டரும் 110 குதிரைத்திறனும் கொண்ட காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் நடந்த 84 மணி நேரப் பந்தயத்தில் இரண்டு காஸ்மோக்கள் ஓடின. ஒன்று நான்காவதாக வந்தது. மற்றொன்று 82-ஆவது மணி நேரத்தில் அச்சு பழுதாகி நின்றது.

அந்த நகக்கீறலை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். மிகப் பழைய என்ஜின் ஒன்றின் உறையைப் பிரித்துக் கழுவியபோது, விளக்கொளியில் பளபளவென்றுதான் தெரிந்தது. ஆள்காட்டி விரலைச் சுவரின் மீது மெதுவாக ஓட்டினேன். துணி துவைக்கும் பலகையில் விரல் வைத்ததுபோல் வரிவரியாக இடறியது. கண்ணுக்குத் தப்பியதை விரல் காட்டிக்கொடுத்தது.

தஞ்சாவூர் வாசகர்: ரோட்டரி வண்டி எவ்வளவு மைலேஜ் தரும்?

குறைவாகவே தரும். எரியும் அறை நீளமாகவும் தட்டையாகவும் இருப்பதால் சூடு சுவருக்குப் போகிறது, எரிபொருள் முழுவதும் எரிவதில்லை. எரியாமல் வெளியேறுவதை எரித்துத் தூய்மையாக்க 1970-களில் ஒரு வெப்ப அறையைப் பொருத்தினார்கள். அந்த அறைக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருந்தது. 1973 இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அமெரிக்காவில் விற்பனை சரிந்தது, நிறுவனமே மூழ்கும் நிலைக்கு வந்தது. சுமிட்டோமோ வங்கி தாங்கிப் பிடித்தது. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஷோரூம்களுக்கு அனுப்பப்பட்டு, கார் விற்கும் வேலை பார்த்தார்கள்.

கொழும்பு வாசகர்: இங்கே மாஸ்டாவின் ரோட்டரி காரான ஆர்.எக்ஸ்.-8 பழையது ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? அது ஆயில் குடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள்.

ஆயில் குடிப்பது நோயன்று. சீல்களுக்கு வழுவழுப்பு வேண்டும் என்பதற்காகவே என்ஜின் சிறிதளவு ஆயிலை உள்ளே செலுத்தி எரித்துக்கொள்கிறது. அதனால்தான் இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறையாவது ஆயில் அளவைப் பாருங்கள் என்று வண்டி வாங்குகிற ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன். பார்க்காமல் விட்டு என்ஜினை இழந்தவர்கள்தாம் இந்த வண்டிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவர்களில் பாதிப் பேர்.

வாங்குவதற்கு முன் என்ஜினுக்குள் அழுத்தம் கசியாமல் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை செய்தே ஆக வேண்டும், அதுவும் ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால். சாதாரண கருவி ரோட்டரின் மூன்று முகங்களில் வலுவானதை மட்டும் காட்டி உங்களை ஏமாற்றிவிடும். என்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்புங்கள். நெடுநேரம் இழுத்துக் கொண்டுதான் எடுக்கிறது என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு, குளிர்ந்த என்ஜினை இயக்கிப் பத்தடி நகர்த்திவிட்டு அணைக்கும் பழக்கம் வேண்டாம்; பிளக்குகள் பெட்ரோலில் மூழ்கிவிடும். இந்த என்ஜினுக்கு அமெரிக்காவில் உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நிறுவனமே நீட்டித்துத் தந்தது. பழுது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சேலம் வாசகர்: ஆர்.எக்ஸ்.-7 எத்தனை கிலோமீட்டர் மைலேஜ் தரும்?

அதுவும் மாஸ்டாவின் ரோட்டரி கார்தான். தஞ்சாவூர் வாசகருக்குச் சொன்ன காரணங்களே இதற்கும் பொருந்தும்.

புதுச்சேரி வாசகர்: 1991-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை மாஸ்டா வென்றதும், பொறாமையால் ரோட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். இதைப் பற்றி எழுதுங்கள்.

எழுதுகிறேன், ஆனால் நீங்கள் நினைக்கிறபடி இல்லை. 787பி எனும் 55-ஆம் எண் காரை ஜானி ஹெர்பர்ட், ஃபோல்கர் வைட்லர், பெர்ட்ராண்ட் கஷோ ஆகிய மூவரும் ஓட்டினார்கள். 362 சுற்றுகள் ஓடி, இரண்டாவதாக வந்த ஜாகுவாரை 2 சுற்றுகள் முந்தினார்கள். ஜப்பானிய நிறுவனம் ஒன்று அந்தப் பந்தயத்தை வென்றது அதுவே முதல் முறை. கடைசிக் கட்டத்தை இடைவிடாமல் ஓட்டிய ஹெர்பர்ட் உடலில் நீர் வற்றி மயங்கியதால் வெற்றி மேடைக்கே ஏற முடியவில்லை. ஆனால் 3.5 லிட்டர் பிஸ்டன் என்ஜின்களுக்கு மாறும் விதி அந்தப் பந்தயத்துக்கு முன்பே முடிவாகியிருந்தது. 1991 தங்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று தெரிந்தேதான் மாஸ்டா போனது. தடைக்கு வெற்றி காரணமன்று.

அதே வாசகர்: ஏற்க முடியவில்லை. 1992-இல் பழைய போர்ஷே கார்களை ஓட விட்டார்களே? ரோட்டரிக்கு மட்டும் ஏன் கதவடைப்பு?

இது நல்ல கேள்வி, இதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். 1992-இல் புது விதிக்கேற்ற கார்கள் போதுமான அளவு சேரவில்லை என்பதால் பழைய போர்ஷேக்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டன. அதைப் பார்க்கும்போது ரோட்டரியையும் அனுமதித்திருக்கலாமே என்ற மனக்குறை நியாயமானது. என்றாலும், அனுமதிக்காமல் விட்டது வேறு, வென்றதற்காகத் தண்டித்தது வேறு. முதலாவதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதற்குக் காலவரிசையே எதிர்ச்சாட்சி.

சென்னை வாசகர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மாஸ்டாவுக்கு எடையில் சலுகை கொடுத்ததால்தான் வென்றது. ஜாகுவார், மெர்சிடிஸ் போன்ற எதிரிகள் 1000 கிலோ சுமந்தார்கள்.

சலுகை இருந்தது உண்மை. மாஸ்டா 830 கிலோவோடு ஓடியது. புதுச்சேரி வாசகர் மறக்கும் செய்தி இது. ஆனால் நீங்கள் மறப்பது ஒன்று உண்டு. மாஸ்டாவுக்கும் 24 மணி நேரத்துக்கு 2550 லிட்டர் எரிபொருள்தான் வரம்பு. எரிபொருளை விழுங்கும் என்று உலகமே பழித்த என்ஜின், அளந்து கொடுத்த எரிபொருளில் வென்றது. முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் பந்தயம் முடிய மூன்று மணி நேரம் இருக்கையில் பழுதாகி விலகியது என்பதும் உண்மைதான். பழுதாகாமல் ஓடி முடிப்பதுதானே அந்தப் பந்தயத்தின் பொருள். மாஸ்டாவின் மற்ற இரண்டு கார்களும் ஓடி முடித்து, ஆறாவதாகவும் எட்டாவதாகவும் வந்தன. இருவரும் இதற்கு மேலும் எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கும் இடம் வேண்டும் என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

திருநெல்வேலி வாசகர்: ரோட்டரி லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?

மூன்றாவது முறையாக இதே கேள்வி வருகிறது. தயவுசெய்து மேலே படியுங்கள். படித்த கையோடு ஆயில் அளவைப் பற்றிச் சொன்னதையும் படித்துவிடுங்கள்.

திருச்சி வாசகர்: ஸ்வராஜ் மாஸ்டா வேனுக்கும் இந்த நிறுவனத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனத்தோடு மாஸ்டாவும் சுமிட்டோமோவும் 1980-களில் சேர்ந்து தொடங்கியது அது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போன அந்த வேன்களால்தான் நம்மூரில் பலருக்கு இந்தப் பெயரே தெரியும். 2011-இல் அந்த நிறுவனம் எஸ்.எம்.எல். இசுஸு ஆனது.

ஓசூர் வாசகர்: ஃபோர்டு கையில் இருந்தபோது மாஸ்டா கெட்டதா, பிழைத்ததா?

பிழைத்தது. ஃபோர்டு 1979-இல் ஏறத்தாழ கால் பங்கு வாங்கி, 1996-இல் அதை 33.4 சதவீதமாக உயர்த்தியது. அந்த ஆண்டு ஹென்றி வாலஸ் தலைவரானார். ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றுக்கு அயல்நாட்டவர் தலைவரானது அதுவே முதல் முறை. 2008 முதல் ஃபோர்டு பங்குகளை விற்று விலகியது. தனித்து விடப்பட்ட மாஸ்டா, ஸ்கைஆக்டிவ் என்ற பெயரில் சாதாரண பிஸ்டன் என்ஜினை அடியிலிருந்து திருத்தியமைத்தது. பெட்ரோல் என்ஜினில் 14-க்கு 1 என்ற கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது உள்ளே வரும் கலவையைப் பதினான்கில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குவதை, விற்பனைக் காரில் கொண்டுவந்தது பெரிய காரியம். என் பார்வையில் அது ரோட்டரிக்கு இணையான சாதனை, ஆனால் யாரும் அதைக் கதையாகச் சொல்வதில்லை.

நாகர்கோவில் வாசகர்: நீங்கள் புகழ்வதைத்தான் பார்க்கிறேன். குறைகளைச் சொல்ல மாட்டீர்களா?

சொல்கிறேன். 2000-களில் வந்த வண்டிகள் பலவற்றில், சாலையில் உப்புத் தூவும் குளிர் நாடுகளில், பின்சக்கர வளைவுகளில் துரு ஏறியது. ஜப்பானிலேயே மாஸ்டா நரகம் என்றொரு சொல் வழங்கியது. புது வண்டியைப் பெரும் தள்ளுபடியில் விற்றதால் பழைய வண்டிக்கு வெளியே விலை கிடைக்காமல், உரிமையாளர் மறுபடியும் மாஸ்டா ஷோரூமுக்கே போக வேண்டியிருந்தது என்பது அதன் பொருள். தள்ளுபடி விற்பனையைக் குறைத்து அந்தப் பெயரைத் துடைக்க நெடுங்காலம் பிடித்தது. 2024 ஜூனில் சான்றிதழ்ச் சோதனைகளில் முறைகேடு செய்ததாக ஒப்புக்கொண்ட நிறுவனங்களில் மாஸ்டாவும் ஒன்று. மோதல் சோதனையில் ஏர்பேக்கை உணரி விரிய விடாமல், நேரங்காட்டியால் விரியச் செய்திருந்தார்கள். நான் மதிக்கும் நிறுவனம் என்பதாலேயே இது எனக்கு அதிகம் வலிக்கிறது. பிசாசின் நகக்கீறலை மறைக்காமல் ஆண்டுக்கணக்கில் எதிர்கொண்டவர்களின் தொழிற்கூடத்தில் இது நடந்திருக்கக் கூடாது.

கோயம்புத்தூர் வாசகர்: ரோட்டரி செத்துவிட்டதா?

2012-இல் ஆர்.எக்ஸ்.-8 நின்றபோது அப்படித்தான் நானும் நினைத்தேன். 2023-இல் எம்.எக்ஸ்.-30 காரில் 830 சி.சி. கொண்ட ஒற்றை ரோட்டர் என்ஜின் வந்தது. அது சக்கரத்தைச் சுழற்றுவதில்லை, மின்சாரம் தயாரிக்கும் ஜெனரேட்டராக மட்டும் இயங்குகிறது. ஒரே வேகத்தில் ஓடும் வேலைக்கு ரோட்டரியின் சிறிய உருவமும் குறைந்த அதிர்வும் பொருத்தமானவை. 2024 பிப்ரவரியில் ரோட்டரிக்கென்று தனி வளர்ச்சிக் குழுவை 36 பொறியாளர்களோடு மாஸ்டா மீண்டும் அமைத்திருக்கிறது. இன்றைய புகை விதிகளுக்குள் அதை அடக்கிக் காட்டுவதுதான் அவர்கள் முன் உள்ள வேலை.