அடித்துவிட்ட ஒரு வரி

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. சென்ற வாரம் மாணவர்களிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, தங்களிடம் உள்ள மூன்று நிறைகளை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி ‘எதுவும் இல்லை’ என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு, தாளை மடித்துக் கொடுத்தாள். ‘நீ மிகவும் திறமைசாலி’ என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், தலையைக் குனிந்துகொள்கிறாள். அவளுக்குத் தன்மதிப்பு வர நான் என்ன செய்ய வேண்டும்?

வி.

அன்புள்ள வி.,

முதலில் உங்கள் கேள்வியைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். ‘உன் நிறைகள் என்ன?’ என்பது அந்த வயதுப் பிள்ளைகளின் காதில் ‘நீ எதில் முதலாவது?’ என்றுதான் விழும். பரிசு வாங்காத பிள்ளை, எழுத ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவதில் வியப்பில்லை. ஒருவர் அடைந்த வெற்றியை அவர் தனக்கு வைத்துக்கொண்ட இலக்கால் வகுத்தால் வரும் ஈவுதான் தன்மதிப்பு என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் எழுதினார். அந்த வகுக்கும் எண்ணைப் பிள்ளைகள் தாங்களாக வைத்துக்கொள்வது அரிது. பெரும்பாலும் வீடும் வகுப்பறையும் வைத்துக் கொடுக்கின்றன.

‘திறமைசாலி’ என்ற சொல் அவளுக்கு ஏன் சுமையாகிறது என்பதற்கு ஆய்வுகளில் விடை உண்டு. 1998-இல் உளவியலாளர்கள் மியூல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை முடித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும், வேறு சிலரை ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் பாராட்டினார்கள். புத்திசாலிப் பட்டம் பெற்றவர்கள் அடுத்து எளிதான வேலையையே நாடினார்கள், கடினமான புதிரில் தோற்றதும் சோர்ந்தார்கள். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே! புரூமல்மன் குழுவினரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் கசப்பானது: தன்மதிப்பு குறைந்த பிள்ளைகளுக்கே பெரியவர்கள் மிகைப்புகழ்ச்சியை அதிகம் வழங்குகிறார்கள், அந்தப் பிள்ளைகளோ அதைக் கேட்டபின் சவாலிலிருந்து விலகிக்கொள்கிறார்கள்.

நான் பாடம் நடத்திய காலத்தில் ஒரு மாணவனின் கணக்கு நோட்டைத் திருத்தியது நினைவிருக்கிறது. பாதிக்கு மேல் தவறு. ஆனால் ஒவ்வொரு தவறான விடையையும் அழிக்காமல், ஒரே மெல்லிய கோட்டால் அடித்து, ஓரத்தில் பென்சிலால் ‘குறியை மாற்றவில்லை’, ‘அவசரம்’ என்று எழுதி வைத்திருந்தான். ‘தவறை மறைக்காமல் அதன் காரணத்தையும் எழுதுகிறாய், இந்தப் பழக்கம் எனக்கே கிடையாது’ என்றேன். அவன் நன்றி சொல்லவில்லை; பக்கத்தைப் புரட்டி, இன்னொரு ஓரக்குறிப்பைக் காட்டினான். நான் சொன்னதை அவனால் தன் நோட்டிலேயே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. வெறும் புகழ்ச்சிக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே அவளிடம் இனி எதையும் கேட்காதீர்கள். இரண்டு வாரம் கவனியுங்கள். யார் அவளிடம் சந்தேகம் கேட்கிறார்கள், எந்த வேலையில் மணியடித்ததை மறந்து உட்கார்ந்திருக்கிறாள், சண்டையிட்ட தோழியரிடம் எப்படிப் பேசுகிறாள் என்று குறித்து வையுங்கள். பிறகு நாள், இடம், செயல் மூன்றும் அடங்கிய ஒரே ஒரு வாக்கியத்தை, வேறு எவர் காதிலும் விழாமல் அவளிடம் சொல்லுங்கள். அவள் மறுத்தால் வாதாட வேண்டாம். அதே திறன் தேவைப்படும் ஒரு சிறு பொறுப்பை, சற்றுக் கடினமானதாகவே, அவளிடம் ஒப்படையுங்கள். தானே செய்து முடித்த அனுபவம் தரும் துணிவை நம் சொல்லால் தர முடியாது.

‘எதுவும் இல்லை’ என்பதையும் அவள் ஏன் அடித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த வரியிலும் அவளுக்கு முழுச் சம்மதம் இல்லையோ என்னவோ. அந்தத் தாளை வகுப்பில் யாருக்கும் காட்டிவிடாதீர்கள்.