சீனாவின் யுன்னான் மாகாணத்தில் உள்ள லிஜியாங் போகிறேன். பழைய நகரமும் பனிமலையும் போக, அங்குள்ள நாஷி இன மக்களின் கதைகள், சமயம் சார்ந்த சின்ன இடங்களுக்கும் போகலாமா? இல்லை, வெறும் டிக்கெட் செலவுதானா?

தாராளமாகப் போகலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. மாகாணத் தலைநகர் குன்மிங்கில் வேலை பார்த்த காலத்தில் விடுமுறை கிடைத்தால் லிஜியாங்குக்கு ரயில் ஏறிவிடுவேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: கதை தெரியாமல் போனால் இவை எல்லாமே கேட் போட்ட பூங்காக்கள்தான். ஒரு கதையாவது தெரிந்துகொண்டு போங்கள்.

எதைத் தெரிந்துகொள்வது என்றால், காட்டுக்கும் நீருக்கும் உரிய இயற்கைத் தெய்வமான ஷுவின் கதையை. மனிதனும் ஷுவும் ஒரே தகப்பனின் பிள்ளைகள், தாய் மட்டும் வேறு. பாகப்பிரிவினையில் வயலும் ஆடுமாடும் மனிதனுக்கு வந்தன. காடு, மலை, ஊற்று, காட்டு மிருகம் எல்லாம் ஷுவுக்குப் போயின. மனிதன் சும்மா இருப்பானா? சகோதரன் பங்கிலும் கை வைத்தான். மரத்தை வெட்டினான், ஊற்றுத் தண்ணீரை அசுத்தமாக்கினான். ஷு பதிலுக்கு நோயை ஏவினான். பஞ்சாயத்து, நாஷி மக்களின் டோங்பா சமயத்துக்கு ஆதிகுருவான டோங்பா ஷிலோவிடம் போனது. ஒரு பெரும்பறவை வந்து, பாம்பு உடல் கொண்ட ஷுவைக் கவ்வி இழுத்த பிறகுதான் சமாதானம் ஆனது. பறவை, பாம்பு என்றதும் உங்களுக்குக் கருடனும் நாகமும் நினைவுக்கு வந்தால் தப்பே இல்லை. திபெத் வழியாக அங்கே போய்ச் சேர்ந்த அதே கருடன்தான்.

இதைத் தெரிந்துகொண்டு யூஷுய்ஜாய் போங்கள். பனிமலை அடிவாரத்தில் ஊற்று பொங்கும் இடம். தண்ணீரின் நடுவே தங்க நிறத்தில், மேல் பாதி மனித உருவம், கீழ்ப் பாதி பாம்பு வாலாக ஷு நிற்பார். சிலை புதுசு, சுற்றியுள்ள அலங்காரமும் சுற்றுலாவுக்காகச் செய்ததுதான். ஆனால் ஊற்று நிஜம், அங்கே டோங்பா பூசாரிகள் சடங்கு செய்வதும் நிஜம். நீரோரத்தில் மண்ணில் குத்தி வைத்த மெல்லிய மரப்பலகைகளைக் கண்டால் குனிந்து பாருங்கள். தலை கூர்மையாகச் சீவியிருந்தால் தெய்வங்களுக்கும் ஷுவுக்கும் வைத்தது, தட்டையாக இருந்தால் பேய்களுக்கு. பெரும்பாலானவர்கள் சிலையோடு செல்ஃபி எடுத்துவிட்டு இதைக் கவனிக்காமலே போய்விடுவார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது பெய்யுவே கோயில். கூட்டம் இருக்காது, வளாகமும் சின்னதுதான். மூலவர் சாண்டுவோ, பனிமலையின் தெய்வம், நாஷி மக்களின் காவல்சாமி. வெள்ளைக் கவசம், வெள்ளைக் குதிரை என்று வர்ணிப்பார்கள். பக்கத்தில் இரண்டு மனைவியர்: ஒருவர் திபெத்தியர், ஒருவர் பாய் இனத்தவர். அக்கம்பக்கத்து இனங்களோடு சம்பந்தம் பேசி முடித்த சாமி! தலபுராணமும் ரசமானது. வேடன் ஒருவன் மலையில் வெள்ளை மானைத் துரத்துகிறான், மான் வெண்கல்லாகிவிடுகிறது. கனமே இல்லாத அந்தக் கல்லைத் தூக்கி வருகிறவன், இளைப்பாற ஓரிடத்தில் இறக்கி வைக்கிறான். பிறகு அசைக்கக்கூட முடியவில்லை. அங்கேயே கோயில் எழுந்துவிட்டது. சீனச் சந்திர நாட்காட்டியில் இரண்டாம் மாதம் 8ஆம் நாள் இவருக்குத் திருவிழா. தேதி ஒத்துவந்தால் விடாதீர்கள்.

யுன்ஷான்பிங் புல்வெளிக்குக் கேபிள் காரில் போகிறார்கள், சுமார் 3,200 மீட்டர் உயரம். போட்டோவுக்கு அழகான இடம், ஆனால் கதை கனமானது. 1723இல் சீனாவை ஆண்ட சிங் அரசு இங்கே நேரடி ஆட்சியைக் கொண்டுவந்த பிறகு, பெரியவர்கள் நிச்சயிக்கும் கல்யாணம் இறுக்கமாகத் திணிக்கப்பட்டது. சேர முடியாத காதலர்கள் மலையேறி உயிரை விட்டார்கள். செத்த பின் போகும் உலகத்தில் வெள்ளை மான் ஏர் உழும், செம்புலி சவாரிக்கு வரும், அங்கே முதுமையே கிடையாது என்பது அவர்கள் நம்பிக்கை. வழிகாட்டிகள் இதை ஏதோ தேன்நிலவுக் கதை மாதிரி சொல்வது எனக்கு உறுத்தும்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் பாய்ஷுய்தாய். ஷாங்ரிலா ஊரிலிருந்து 100 கிலோமீட்டர், மலைப்பாதை. சுண்ணாம்புச் சத்து நிறைந்த ஊற்றுநீர் வழிந்து வழிந்து, வெள்ளை வெளேரென்று வரப்பு கட்டிய வயல்கள் போலப் படிந்திருக்கும். நாஷி மக்களுக்குப் படிவயல் கட்டக் கற்றுக்கொடுக்கத் தெய்வங்களே செய்து காட்டியது என்பார்கள். டோங்பா சமயத்தின் தாய்வீடு இந்தப் பகுதிதான். இங்குள்ள பாய்திக்கு வராதவன் பெரிய டோங்பா பூசாரி ஆக முடியாது என்று ஒரு பேச்சே உண்டு. இங்கேயும் அதே இரண்டாம் மாதம் 8ஆம் நாள் ஊர் கூடிக் கொண்டாடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், லிஜியாங் பழைய நகரத்தை ஒட்டிய கருப்பு டிராகன் குளத்தருகே இருக்கும் டோங்பா அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்த டோங்பா சுவடிகள் எப்படி இருக்கும் என்று அங்கே பார்க்கலாம். நீள வாட்டில் தாள், கட்டம் கட்டமாகச் சித்திர எழுத்து. சொல்லுக்குச் சொல் எழுதியிருக்காது. படம் அடி எடுத்துக் கொடுக்கும், மீதியைப் பூசாரி மனப்பாடத்திலிருந்து ஓதுவார்.

பழைய நகரக் கடைகளில் உங்கள் பெயரை டோங்பா எழுத்தில் எழுதித் தருகிறோம் என்று கூப்பிடுவார்கள். ஆசையாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் வாங்கவில்லை. அந்தக் காசுக்குப் பெய்யுவே கோயிலுக்கு வண்டி பேசிவிடலாம்.