கூட்டுப் பேரத்தின் கீழ் வரும் தொழிலாளர் விகிதம் ஏன் இறங்கிக்கொண்டே போகிறது?

கேட்டவர் ரெண்டு விஷயம் கேட்டிருக்கிறார். பல நாடுகளில் கூட்டுப் பேரத்தில், அதாவது தொழிற்சங்கம் முதலாளியோடு பேசிப் போடும் ஒப்பந்தப்படி, சம்பளம் வாங்குகிறவர்களின் விகிதம் நாற்பது வருடமாக இறங்குகிறதே, சங்கத்தில் ஆள் சேராததுதான் காரணமா? இந்தியாவில் இது இனிமேல் ஏறுமா?

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் சம்பளக் கணக்கு எழுதினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஆள் சேராதது முக்கியக் காரணம் இல்லை. ஒப்பந்தம் எங்கே உட்கார்ந்து போடப்படுகிறது, போட்ட பிறகு அது யாரையெல்லாம் கட்டும், இந்த ரெண்டும்தான் அந்த எண்ணை ஏற்றுகிறது, இறக்குகிறது.

பிரான்ஸைப் பாருங்கள். அங்கே சங்க உறுப்பினர்கள் பத்தில் ஒருவர் அளவுதான், ஆனால் ஒப்பந்தத்தின் பாதுகாப்பு 95 சதவீதத்துக்கும் மேல் தொழிலாளர்களுக்கு இருக்கிறது. ஒரு தொழில் முழுமைக்கும் ஒப்பந்தம் போடுகிறார்கள், அரசு அதைக் கையெழுத்துப் போடாத கம்பெனிகளுக்கும் நீட்டிவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். பிரிட்டனில் 1980 வாக்கில் பத்தில் ஏழு பேருக்கு ஒப்பந்தச் சம்பளம் இருந்தது. தொழில் மட்டத்தில் பேசுவதை விட்டுவிட்டுக் கம்பெனி கம்பெனியாகப் பேச ஆரம்பித்த பிறகு இப்போது பாதிக்கும் கீழே வந்து நிற்கிறது. அமெரிக்காவில் எப்போதுமே பெரும்பாலும் கம்பெனி அளவில்தான் பேச்சு. 1977-இல் 27 சதவீதம் அளவில் இருந்தது 2023-இல் 11 சதவீதம். ஜெர்மனியில் முதலாளிகள் சங்கத்திலிருந்து கம்பெனிகளே விலகிக்கொண்டதால் இன்று ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஒப்பந்தத்துக்குள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் கொண்டுவந்த குறைந்தபட்சச் சம்பள நெறிமுறையில், ஒப்பந்தப் பாதுகாப்பு 80 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நாடுகள் அதை உயர்த்தத் திட்டம் போட வேண்டும் என்றே எழுதிவிட்டார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன்.

என் அப்புச்சி, அம்மாவோட அப்பா, கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். 1957-இல் மத்திய அரசு பஞ்சாலைத் தொழிலுக்குச் சம்பளக் குழு போட்டது, அதன் பிறகு மில்லுக்கு மில் இருந்த சம்பள வித்தியாசம் சுருங்கியது, விலைவாசிப் புள்ளி ஏறினால் பஞ்சப்படியும் ஏறும். 'சங்கத்துக்குச் சந்தா கட்டாத வருசத்துலயும் பஞ்சப்படி தவறாம வந்துச்சு கண்ணு' என்று அப்புச்சி சொல்வார். கூட்டுப் பேரத்தின் வீச்சு என்று புத்தகங்கள் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் அதுதான். அதுவும் சும்மா வந்துவிடவில்லை. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் நாலு பேரை 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கில் போட்டார்கள். சின்னியம்பாளையத்தில் இன்றும் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

திருப்பூருக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. முதலாளிகள் சங்கங்கள் ஒரு பக்கம், தொழிற்சங்கங்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து ஊர் முழுக்க ஒரே சம்பளம் பேசும் பழக்கம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தியாவில் தனியார் துறையில் இது அபூர்வம், இதை நான் பெருமையாகவே சொல்வேன். கடைசியாக நான் கணக்கில் ஏற்றியது 2021 ஒப்பந்தம். நாலு வருடத்துக்கு 32 சதவீதம், அதில் முதல் வருடம் மட்டும் 19.

அந்த உயர்வு ஏறிய முதல் சனிக்கிழமை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்குமேல் சம்பளக் கவர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா கவரைப் பிரித்து எண்ணிவிட்டுத் திரும்ப வந்தார். 'ஏனுங் தம்பி, பேப்பர்ல பத்தொம்பதுன்னு போட்டிருக்காங்களே, என்ற கவர்ல ஒண்ணையுங் காணமே?' என் மேஜையில் ரெண்டு நோட்டு இருக்கும். ஒன்று கம்பெனி ரோல், அதாவது கம்பெனியின் நேரடி ஆட்கள்; இன்னொன்று காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்களின் பட்டியல். ஒரே டேபிளில், ஒரே டி-சர்ட்டில் பிசிறு வெட்டும் ரெண்டு பெண்களில் ஒருவர் பெயர் முதல் நோட்டில், இன்னொருவர் பெயர் ரெண்டாவதில். ஒப்பந்தத்தை முதல் நோட்டுக்கு மட்டும் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். 'உங்க காண்ட்ராக்டரைக் கேளுங்கக்கா' என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கவரை முந்தானையில் முடிந்துகொண்டு போனார், அது இன்னும் என்னை விடவில்லை.

பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டைலர்களுக்கு வேறு விதமான சிக்கல். சதவீதம் கொடுத்தாலும் எதன் மேல் கொடுப்பது? ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ரேட் புதிதாகப் பேசுகிறார்கள். அடுத்த ஆர்டரில் காலர் மாறும், பட்டி மாறும், அந்த ரேட்டிலேயே போன உயர்வு கரைந்துவிடும்.

மில்களிலும் இதே கதைதான். கோவை நகரத்துக்குள் சங்கம் இருந்த பழைய மில்கள் ஒவ்வொன்றாக நின்றன, தேசிய பஞ்சாலைக் கழக மில்களும் 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற பிறகு பழையபடி ஓடவில்லை. நூற்பு பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் போய், ஹாஸ்டலில் தங்கவைத்த பெண்களைக் கொண்டும் வடமாநிலத் தம்பிகளைக் கொண்டும் ஓடுகிறது. யாரும் சங்கத்திலிருந்து விலகிப் போகவில்லை, வேலைதான் ஒப்பந்தம் எட்டாத இடத்துக்கு நகர்ந்தது. நாட்டின் தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு அமைப்புசாரா வேலையில் இருக்கும்போது வீச்சு எங்கிருந்து ஏறும்?

ஒப்பந்தம் போட்டால் மட்டும் போதாது என்பதற்கு, ஜவுளி உற்பத்தியாளர்களுக்குக் கூலிக்கு நெய்து கொடுக்கும் சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்கள் சாட்சி. 2021 நவம்பரில் கூலி உயர்வு பேசி முடித்தார்கள், ஜவுளி உற்பத்தியாளர்கள் கொடுக்கவில்லை, 2022 ஜனவரியில் தறியை நிறுத்த வேண்டியதாயிற்று, கடைசியில் பேசியதைவிடக் குறைவான சதவீதத்துக்குத்தான் தறி ஓடியது. எட்டுத் தறி வைத்துக்கொண்டு குடும்பமே ஓட்டுகிறவரை முதலாளி என்றுதான் கணக்கில் எழுதுகிறோம். அதனால் இந்தப் பேரம் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை, அவர் கூலி வாங்குகிறவர்தான்.

இனி சட்டம். 1947 தொழில் தகராறு சட்டத்தில் ரெண்டு வகை ஒப்பந்தம் இருந்தது. தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சமரசத்தில் போடும் 12(3) ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும், பிறகு சேருகிறவர்களையும்கூடக் கட்டும். தனியாகப் பேசி முடிக்கும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான். அதனால்தான் அனுபவமுள்ள சங்கத் தோழர்கள் 12(3) வேண்டும் என்று அடம் பிடிப்பார்கள்.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. ஒன்றுக்கு மேல் சங்கம் இருக்கும் நிறுவனத்தில், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் சங்கம்தான் பேசும் சங்கம். அப்படி ஒன்று இல்லையென்றால், குறைந்தது 20 சதவீதம் வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. பேசுவதற்குச் சட்டப்படி அங்கீகாரம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் என்று ஆகிவிட்டது, திருப்பூர் மாதிரி ஊர் முழுக்கப் பேசும் முறைக்கு இதில் தனி இடம் இல்லை. அப்புறம், எந்தப் பதிவேடு என்ற கேள்வி இருக்கிறதே. அந்தச் செக்கிங் அக்கா பெயர் ரெண்டாவது நோட்டில்தான் இருந்தது.