வாசகர் கேள்வி – பதில்: கார் உறுப்புகளின் வார்ப்பும் இணைப்பும்

கேள்வி: வாகன உறுப்புகளை அச்சில் வார்த்தெடுப்பது ஒரு தொழில், அவற்றைப் பற்றவைத்து இணைப்பது வேறொரு தொழில். அப்படியிருக்க, ஆய்வுக்கூடங்கள் இவ்விரண்டையும் சேர்த்தே ஆராய்வது ஏன்?

பதில்: ஓர் உறுப்பு அச்சுக்குள் எப்படி உறைந்தது என்பதே, அதை இன்னொன்றோடு எப்படி இணைக்கலாம் என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. மூட்டு விட்டுப்போனால் பழி வெல்டிங் பிரிவின் தலையில் விழுகிறது. கோளாறோ பல நேரங்களில் அதற்கு முன்பே, அச்சுக்குள்ளேயே தொடங்கியிருக்கும்.

எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அலுமினிய வார்ப்பாக இருந்த இவ்வுறுப்பு, இப்போது பெரும்பாலும் 30 முதல் 35 விழுக்காடு வரை கண்ணாடி இழை கலந்த நைலானால் செய்யப்படுகிறது. வளைந்து நெளியும் அதன் குழல்களை ஒரே வார்ப்பில் பெறுவது கடினம்; குழலின் உட்குழிவை உருவாக்க உள்ளே வைக்கும் அச்சுத் துண்டான கருவை வெளியே எடுக்க வழி இராது. இதற்காக, வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்து 138 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் உலோகத்தால் கருவைச் செய்து, அதைச் சுற்றி ஏறத்தாழ 280 டிகிரியில் உருகிய நைலானைப் பாய்ச்சி, பின்னர் கருவை மட்டும் உருக்கி வடித்தெடுக்கும் முறை ஒன்று வழக்கில் இருந்தது. அவ்வளவு சூட்டில் கரு ஏன் உருகிவிடுவதில்லை என்று கேட்கத் தோன்றும். நைலான் சுவர் மெல்லியது, விரைவில் உறைந்துவிடும். கனத்த உலோகக் கருவோ தனக்கு வரும் வெப்பத்தை உடனுக்குடன் உட்புறம் முழுவதும் பரப்பிக்கொள்ளும். சாமர்த்தியமான உத்திதான், ஆனால் செலவு பிடித்தது. ஆகவே மேனிஃபோல்டை இரண்டு மூன்று ஓடுகளாக வார்த்து, அதிர்வு வெல்டிங்கில் ஒன்றாக்கும் முறை மேலோங்கியது. ஓடுகளின் விளிம்புகளை அழுத்திப் பிடித்து, ஒன்றை நொடிக்குச் சுமார் 240 முறை, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வீச்சில் முன்னும் பின்னும் அசைத்தால், உராய்வு வெப்பத்தில் விளிம்புகள் உருகிக் கலந்துவிடுகின்றன.

ஆய்வாளர்களுக்கு வேலை கொடுப்பது இந்த விளிம்புதான். நைலானுக்கு வலிமை தரும் கண்ணாடி இழைகள், உருகிய படலம் பக்கவாட்டில் பிதுங்கும்போது மூட்டின் தளத்திலேயே படுத்துக்கொள்கின்றன. ஓர் ஓட்டிலிருந்து மற்றதற்குக் குறுக்கே செல்லும் இழைகள் மிகச் சிலவே. இதனால் மூட்டின் வலிமை, இழை கலக்காத வெறும் நைலானின் வலிமையை ஒட்டியே நின்றுவிடுகிறது. இன்னும் பலமாக அழுத்தினால் இன்னும் நன்றாக ஒட்டும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் மிகை அழுத்தம் உருகிய படலத்தைப் பிழிந்து வெளியேற்றி, மூட்டை மெலியச் செய்கிறது. இதற்குமேல், இழைகள் நைலான் பாய்ந்த திசையில் அணிவகுப்பதால், ஓடு அத்திசையில் குறைவாகவும் குறுக்குத் திசையில் கூடுதலாகவும் சுருங்கிக் கோணிக்கொள்கிறது. ஓரிடத்தில் விளிம்பு அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றால், உராய்வில் உருகிக் கரையும் ஆழம் அந்த இடைவெளியையும் சேர்த்து விழுங்கியாக வேண்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால், வார்த்த ஓட்டை நெடுநாள் திறந்து வைத்திருந்து வெல்டிங்குக்கு எடுத்தால், மூட்டுக்குள் நீராவிக் குமிழிகள் தோன்றவும் கூடும்.

கேள்வி: அலுமினியத்தையும் எஃகையும் நேரடியாக வெல்டிங் செய்ய முடியாது என்கிறார்களே, இரண்டும் கலந்த கார் உடல்களை எப்படிச் செய்கிறார்கள்?

பதில்: முடியாது என்பதைவிட, வழக்கமான முறையில் செய்தால் நிலைக்காது என்பதே சரி. அலுமினியம் 660 டிகிரியிலும் இரும்பு 1538 டிகிரியிலும் உருகுகின்றன என்பது சிக்கலின் சிறு பகுதிதான். இரண்டும் சூட்டில் சந்திக்கும் இடத்தில் இரும்பு-அலுமினியச் சேர்மங்கள் உருவாகின்றன. இவை கடினமானவை, ஆனால் எளிதில் நொறுங்குபவை. அந்தப் படலத்தைச் சில மைக்ரோமீட்டர் தடிமனுக்குள் கட்டுப்படுத்தினால் மூட்டு தாங்கும், தடித்துவிட்டால் பிளக்கும். இதனால்தான் எதையும் உருக்காமல், சுழலும் முளையால் உலோகத்தைப் பிசைந்து இணைக்கும் உராய்வுக் கலக்கல் வெல்டிங் இத்துறையில் கவனம் பெற்றது. இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் 1991-இல் உருவான இம்முறையால், ஹோண்டா தன் 2013 ஆம் ஆண்டு அக்கார்டு காரின் முன்பக்கத் துணைச் சட்டத்தில் எஃகையும் அலுமினியத்தையும் இணைத்தது.

பரவலாகக் கையாளப்படுவது தானே துளைக்கும் ரிவெட்டும் பசையும் சேர்ந்த இணைப்பு. முன்கூட்டித் துளை போடாமலே ரிவெட் மேல் தகட்டைத் துளைத்து, கீழ்த் தகட்டுக்குள் கால் விரித்து நின்றுகொள்கிறது. இதற்கும் எல்லை உண்டு. போரான் கலந்த எஃகுத் தகட்டை 900 டிகிரிக்கு மேல் சூடேற்றி, நீரோட்டத்தால் குளிர்விக்கப்படும் அச்சுக்குள் அழுத்தி அங்கேயே சட்டென்று குளிரவைக்கும்போது, அது 1500 மெகாபாஸ்கல் அளவு வலிமை பெறுகிறது. கதவுத் தூண்களுக்கு ஏற்ற அந்தத் தகட்டின் முன் ரிவெட்டின் கால்கள் நசுங்கிப்போகின்றன. அதையே ஸ்பாட் வெல்டிங் (மின்சாரச் சூட்டால் பொட்டுப் பொட்டாக ஒட்டும் முறை) செய்தாலோ, பொட்டைச் சுற்றியுள்ள வளையத்தில் சூடு பட்டு, அச்சுக்குள் பெற்ற கடினத்தின் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது.

பசையிலும் ஒரு பொறி இருக்கிறது. எப்பாக்சிப் பசை, கார் உடல் பெயின்ட் அடுப்புக்குள் போகும்போதுதான், 170 முதல் 180 டிகிரியில், முழுமையாக இறுகுகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகு 150 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் நீளும். அலுமினியமோ கிட்டத்தட்ட 3.5 மில்லிமீட்டர் நீளும். பசை அந்த நீண்ட நிலையில் இறுகிவிடுவதால், குளிரும்போது அலுமினியத்தால் தன் பழைய அளவுக்குத் தடையின்றிச் சுருங்க முடிவதில்லை. அந்த 1.7 மில்லிமீட்டர் வேறுபாடு தகட்டில் நெளிவாகவோ, பசைக்குள் தங்கிய இழுவிசையாகவோ வெளிப்படுகிறது. வளைந்து கொடுக்கும் பசைகள், குறைந்த சூட்டில் இறுகும் பசைகள் ஆகியவற்றைத் தேடும் ஆய்வுகளுக்கு இதுவே முதன்மையான காரணம்.

கேள்வி: பின்பக்க விளக்கில் திருகோ பசையோ கண்ணுக்குத் தெரிவதில்லையே?

பதில்: பல விளக்குகளில் அது லேசர் வேலை. ஒளி புகும் அக்ரிலிக் மூடி லேசரைத் தன் வழியே விட்டுவிடும். கரும்பொடி கலந்த அடிக்கூடு அதை விழுங்கிச் சூடேறும். இரண்டும் தொடும் கோட்டில் மட்டும் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்வதால், வெளிப்பரப்பில் தழும்பே இராது.

கேள்வி: காரின் பின்பகுதி முழுவதையும் ஒரே வார்ப்பாக எடுக்கும் ராட்சத இயந்திரங்கள் வந்துவிட்டன. இனி இணைப்பு ஆய்வுகளுக்குத் தேவை இருக்குமா?

பதில்: மூட்டுகளின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு மூட்டின் மீதும் விழும் பொறுப்பு கூடும். டெஸ்லா 2020-இல் வெளிவந்த மாடல் ஒய் காரில், ஏறத்தாழ எழுபது உறுப்புகள் செய்த வேலையைப் பெரிய அலுமினிய வார்ப்புகளிடம் ஒப்படைத்தது. அந்த வார்ப்பும் மற்ற உடலோடு சேர்ந்தாக வேண்டும்; அந்த எல்லையில் பழைய சிக்கல்கள் அப்படியே காத்திருக்கின்றன. மிகுந்த அழுத்தத்தில் பாயும் அலுமினியம் காற்றையும் உள்ளே அடைத்துக்கொள்கிறது. பின்னர் வெல்டிங் சூட்டில் அக்காற்று விரிந்து மூட்டை நுண்துளைகளால் நிரப்புகிறது. வார்ப்பைப் பதப்படுத்தச் சுமார் 500 டிகிரிக்குச் சூடேற்றினால் பரப்பில் கொப்புளங்கள் எழுகின்றன, அத்தனை பெரிய உறுப்பு கோணிப்போகவும் செய்யும். சூட்டுப்பதம் தேவைப்படாத கலவைகள் இதனால்தான் நாடப்படுகின்றன. ரிவெட்டுக்கும் இங்கே தடை உண்டு: அது கால் விரிக்கும்போது கீழிருக்கும் வார்ப்பு வளைந்து கொடுக்காமல் விரிசல் விடலாம். உருகிய உலோகம் நெடுந்தொலைவு ஓடிக் குளிர்ந்து சேரும் கடைக்கோடி விளிம்புகளில் இந்த ஆபத்து அதிகம். மூட்டுகள் விழுவதும் பெரும்பாலும் அந்த விளிம்புகளில்தான். ஆகவே உலோகம் நுழையும் வாயை அச்சில் எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் நாளிலேயே, ரிவெட் அடிப்பவரும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டியவராகிறார்.