மாடிக் குழாயும் பாதாளச் சாக்கடையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பழைய வீட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பாதாளச் சாக்கடை இணைப்புப் பெற்றோம். கன மழை பெய்தால் குளியலறை ஜாலி வழியாகக் கழிவுநீர் குபுகுபுவென்று மேலே வருகிறது. ஒருமுறை கைத்தறியின் தறிக்குழி வரை வந்து பாவு நூல் நனைந்துவிட்டது. தெருவில் புதிய மழைநீர் வடிகாலும் கட்டியிருக்கிறார்கள். பிறகும் ஏன் இந்த நிலை? (வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: தங்கள் தெருவில் நீருக்கு இரண்டு தனி வழிகள் இருக்கின்றன. குளியலறை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றின் நீர் பூமிக்கடியில் உள்ள குழாய் வழியே உந்து நிலையத்துக்கும், அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போக வேண்டும். மழைநீர் சாலையோர வடிகால் வழியே ஓடைக்கும், முடிவில் திருமணிமுத்தாற்றுக்கும் போக வேண்டும். இவ்விரண்டும் எங்கோ ஓரிடத்தில் கலக்கின்றன என்பதைத்தான் தங்கள் குளியலறை சொல்கிறது. கலக்கும் இடம் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் பிவிசி குழாயை, அருகில் இருக்கிறதே என்று, கழிவுநீர்ச் சேம்பரில் (வாசலில் உள்ள இணைப்புத் தொட்டியில்) சொருகிவிடுவது வழக்கமாகிவிட்டது.

இதில் என்ன பெரிய தவறு என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் பயன்படுத்தி, அதில் 80 விழுக்காடு கழிவாக வெளியேறுவதாகக் கொண்டால் (குழாய் அமைப்போர் வடிவமைப்பில் கொள்ளும் அளவும் ஏறத்தாழ இதுவே), ஒரு நாளைய கழிவுநீர் 540 லிட்டர். அதே வீட்டின் 100 சதுர மீட்டர் மாடியில், அதாவது ஆயிரம் சதுர அடியைச் சற்றே தாண்டிய பரப்பில், ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் இறங்கும். ஒன்பது நாள் கழிவுநீரை ஒரு மணி நேரத்தில் குழாயில் திணிப்பதற்கு இது சமம். தெருவில் இருபது வீடுகள் இப்படி இணைத்திருந்தால் ஒரு லட்சம் லிட்டர். காலை நேர நெரிசலுக்கும் சேர்த்து இடம் விட்டுத்தான் குழாயின் அளவை முடிவு செய்கிறார்கள் என்றாலும், இவ்வளவுக்கு இடம் விடுவதில்லை.

நிரம்பிய குழாயிலிருந்து நீர் எங்கே வெளியேறும்? தாழ்வான வாய் எதுவோ அங்கே. சாலையின் மேல் சாலையாகப் போட்டு உயர்த்திக்கொண்டே வந்ததால், பழைய வீடுகள் பலவற்றின் தளம் இன்று மேன்ஹோல் மூடியைவிடக் கீழே கிடக்கிறது. அந்த வீடுகளில் தெருவுக்கு முன்னால் குளியலறை நிரம்புகிறது. தறிக்குழியோ தரையைவிடவும் தாழ்வானது. தங்களுக்கு நேர்ந்தது அதுதான் என்று கருதுகிறேன்.

தங்கள் வீட்டு மாடிக் குழாயை முதலில் சேம்பரிலிருந்து பிரித்து, மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள். 2003ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட அந்தக் குழியைப் பலர் கட்டியதோடு மறந்துவிட்டார்கள். தூர்வாரி எடுத்தால் இப்போதும் பயன்படும். அடுத்ததாக, இணைப்புக் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துங்கள். தெருவிலிருந்து நீர் திரும்பும்போது அது மூடிக்கொள்ளும். மூடியிருக்கும் நேரத்தில் தங்கள் வீட்டு நீரும் வெளியேறாது என்பதால், மழை விடும்வரை குளிப்பதையும் துவைப்பதையும் நிறுத்திவைக்க வேண்டும். அதில் முடியோ தேங்காய் நாரோ சிக்கினால் வால்வு முழுவதும் மூடாது. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை கழற்றிக் கழுவுவது நல்லது. அண்டை வீட்டார் தங்கள் குழாய்களைப் பிரிக்காதவரை தெருக் குழாய் நிரம்பத்தான் செய்யும். எனவே தெருவே சேர்ந்து மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுப்பது தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் தரும்.

கோபத்தோடு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தெருவில் முழங்காலளவு நீர் நின்றால், இளைஞர்கள் கடப்பாரையால் மேன்ஹோல் மூடியை நெம்பித் திறந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நீர் வடிகிறது, உண்மைதான். அதனுடன் மணலும் பாலித்தீன் பைகளும் உள்ளே போய்க் குழாயின் வயிற்றில் படிகின்றன. மழை ஓய்ந்த பிறகும் அடைப்பு அப்படியே நிற்கிறது. கலங்கிய நீருக்கடியில் திறந்து கிடக்கும் குழியை நடந்து வருபவர் எப்படி அறிவார்?

கேள்வி: நகரத்தில் தூறல்கூட இல்லாத நாளிலும் ஓடையில் வெள்ளம் வருவது ஏன்? ஏரிகள் இருந்தும் ஏன் தாங்கவில்லை? (வாசகர், கன்னங்குறிச்சி)

பதில்: ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. சேர்வராயன் மலையில் கொட்டிய மழை சில மணி நேரத்தில் அடிவாரத்துக்கு இறங்கிவிடுகிறது. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர் இது: வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. இந்த நீரை வாங்கி, நிறுத்தி, நிதானமாக அனுப்பத்தான் நம் முன்னோர் மூக்கனேரி போன்ற ஏரிகளை வெட்டி வைத்தார்கள். ஏரியைத் தூர்வாருகிறோம், கரையில் நடைபாதையும் அமைக்கிறோம். நீர்வரத்து வாய்க்காலையும், ஏரி நிரம்பி வழியும் கலங்கலிலிருந்து இறங்கும் ஓடையையும் கவனிப்பதில்லை. அவை குறுகிப்போனால் ஏரி பாதி காலியாக இருக்கும்போதே வீதியில் வெள்ளம் வரும். நிர்வாகமும் பிரிந்து கிடக்கிறது: நகரத் தெருவின் வடிகால் மாநகராட்சியுடையது, நெடுஞ்சாலை ஓர வடிகால் நெடுஞ்சாலைத் துறையுடையது, ஏரிகளில் பல நீர்வளத் துறையுடையவை. நீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. புகார் கொடுப்பவர்தான் அறிந்து, உரிய இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: வாசலில் சேம்பர் மூடி அசிங்கமாக இருக்கிறது. மேலே டைல்ஸ் பதித்துவிடலாமா? (வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: வேண்டாம். அடைப்பு ஏற்பட்டால் அந்த வழியாகத்தான் கம்பியோ, நீரைப் பீய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட்ராடிங் குழலோ உள்ளே போக வேண்டும். மூடியிருந்தால் டைல்ஸை உடைத்துத்தான் ஆக வேண்டும். கோலம் போட இடம் வேண்டுமென்றால், தூக்கக்கூடிய மூடியிலேயே டைல்ஸ் ஒட்டித் தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். அடைப்பு எடுக்க யாரையும் தொட்டிக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். உள்ளே தேங்கும் வாயு ஆளைக் கூப்பிட நேரம் தராமல் கொல்லும். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணை அழைக்கலாம்.